மாலை கழட்டின மறுநாள்: குடி சிகிச்சையில் டி.பி.டி. பழக்கங்கள், ஒரு முழு வழிகாட்டி

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் தை மாசம் வந்தால் நாற்காலி பத்தாது. கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டு, ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடாமல், வெறுந்தரையில் படுத்து, விடியுமுன் தாமிரபரணியில் முங்கி எழுந்த அதே மனுசர், மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழட்டின சாயங்காலமே கடை வாசலில் நிற்பார். ஒரே வாரத்தில் பழைய அளவு. அடுத்த வாரம் வீட்டுக்காரம்மா அவரைக் கூட்டிக்கொண்டு வருவார். உட்காரும் முன்பே கேட்பார்: "48 நாளு இருந்தாவல்லா சார், பெறகு ஏன் இப்படி?"

நியாயமான கேள்வி. மனுசருக்கு நிறுத்தத் தெரியும், 48 நாள் செய்து காட்டிவிட்டார். 49-ஆம் நாள் எப்படி இருப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கழுத்தில் மாலை கிடக்கும்வரை கூப்பிடுவதே "சாமி" என்றுதான். சாமியிடம் எவனும் கிளாஸை நீட்ட மாட்டான். மாலை போனதும் சுற்றியிருந்த வேலியும் போய்விடுகிறது. இந்த வழிகாட்டி அந்த 49-ஆம் நாளுக்கு.

நானும் குடித்தவன். நிறுத்தி 11 வருஷம் ஆகிறது. பாளையங்கோட்டையில் இந்தக் குழுவை நடத்த ஆரம்பித்து 6 வருஷம். ஆரம்பத்தில் ஆங்கிலக் கையேட்டை அப்படியே தமிழாக்கி வாசித்தேன். ஆட்கள் கொட்டாவி விட்டார்கள். பிறகு அவரவர் சொன்னதையே எடுத்துப் பழக்கங்களுக்குப் பேர் வைத்தோம். கீழே வருவது அந்தப் பேர்கள்தான்.

இது என்ன சிகிச்சை

டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டி.பி.டி., குடிக்காக உண்டானது இல்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா லினஹன் என்ற உளவியலாளர், தற்கொலை முயற்சியில் திரும்பத் திரும்ப விழுந்த பெண்களுக்காக இதை உருவாக்கினார். முதல் சோதனை முடிவு 1991-இல் வந்தது, கையேடு 1993-இல். இளவயதில் தானே மனநல மருத்துவமனையில் கிடந்ததை அவர் 2011-இல்தான் ஊரறியச் சொன்னார். பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்கிற, உணர்ச்சி கட்டுக்கடங்காமல் ஏறி இறங்கும் மனநிலைச் சிக்கலோடு போதையும் சேர்ந்திருந்த பெண்களுக்காக இதை மாற்றியமைத்து 1999-இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். 28 பேர். வழக்கமான சிகிச்சைக்குப் போனவர்களைவிட இவர்கள் போதையைக் குறைத்திருந்தார்கள். சின்ன சோதனைதான், மந்திரம் மாதிரி பேச இடமில்லை.

முழு டி.பி.டி.க்கு நாலு கால்: வாரம் ஒரு தனிச் சந்திப்பு, வாரம் ஒரு பயிற்சி வகுப்பு, நெருக்கடியில் போனில் ஆலோசனை, சிகிச்சை தருபவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் கூட்டம். நம் பக்கம் நாலும் ஒரே இடத்தில் அமைவதை நான் பார்த்ததில்லை. பயிற்சிப் பழக்கங்களை மட்டும் எடுத்து, டாக்டர் தரும் மருந்தோடும் கவுன்சிலிங்கோடும் சேர்த்துக்கொள்கிறோம்.

'டயலெக்டிகல்' என்ற வார்த்தைக்கு அகராதி வேண்டாம். குடித்துவிட்டு வந்த மகனைத் திட்டிக்கொண்டே அம்மா சோறு போடுவாள் இல்லையா, அதுதான். நீ எப்படி இருந்தாலும் என் பிள்ளை. நீ இப்படி இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே மூச்சில், இரண்டும் உண்மை.

முதல் படிக்கும் முந்தின படி: டாக்டர்

தினமும் குடிக்கிறவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்குச் சுவரில் இல்லாத பூச்சி ஊரும், வாசலில் இல்லாத ஆள் கூப்பிடுவார். அதோடு காய்ச்சலும் குழப்பமும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஊரில் இதைப் பேய்க்கோளாறு என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு அலைவார்கள். விபூதி போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆட்டோ முதலில் ஹைகிரவுண்டுக்குப் போகட்டும். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நடுக்கத்துக்கு மாத்திரை, மூளையைக் காக்கத் தயமின் என்கிற பி1 ஊசி, பிறகு ஆசையைக் குறைக்கிற மருந்து என்று வழி உண்டு.

வலி மாத்திரை, ஊசி என்று போகிற இளவட்டங்களுக்கு ஒரு எச்சரிக்கை தனியாக. சில வாரம் விட்டிருந்தால் உடம்பின் தாங்குசக்தி இறங்கியிருக்கும். பழைய அளவை அப்படியே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம்.

முதல் படி: இரண்டு பேச்சு, ஒரே காகிதத்தில்

உடன்குடிப் பக்கம் பனையேறி ஒருவர் குழுவில் இருந்தார். அவரிடம் கேட்டேன், "அண்ணாச்சி, உச்சிக்குப் போகணும்னுதான் ஏறுதிய. பெறகு எதுக்குக் கால்ல தளைநாரு?" அவர் சிரித்தார். "விழணும்னு எவனாவது ஏறுவானா? வழுக்கினா நிக்கதுக்கு."

டி.பி.டி.யின் போதைப் பகுதிக்கு அஸ்திவாரமே இதுதான். ஒரு பேச்சு: இனி ஒரு சொட்டும் இல்லை, இடமே விடாமல். இன்னொரு பேச்சு: வழுக்கினால் தரைக்கு வரும் முன் எப்படிப் பிடித்துக்கொள்வது என்ற திட்டம். கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்யும்போது முதல் பேச்சு மட்டும்தான் இருக்கும். கயிறு அறுந்த அன்று "போச்சு, இனி என்ன இருந்தா என்ன" என்று ஒரு குவார்ட்டர் நாலு நாள் குடியாக நீளும். அந்த நாலு நாள்தான் வேலையைப் பறிக்கும், வண்டியோடு விழவைக்கும்.

ஆகவே ஒரு தாளை எடுத்து மேல் பாதியில் எழுதுங்கள்: "இன்று குடிக்க மாட்டேன்." ஒரு நாள் கனமாக இருந்தால் "மதியம் வரை". தாங்குகிற நீளத்துக்கு வைத்து, முடிந்ததும் மறுபடி சொல்லுங்கள். கீழ்ப் பாதியில்: வழுக்கினால் யாருக்குப் போன், பையில் உள்ள பணம் யார் கையில், அன்று ராத்திரி எங்கே படுக்கை. கீழ்ப் பாதியை மடித்துப் பர்ஸில் வையுங்கள். தினமும் பார்க்க வேண்டியது மேல் பாதிதான்.

இதில் என் தப்பு ஒன்று உண்டு. குழு ஆரம்பித்த முதல் வருஷம், ஏழு மாசம் குடிக்காமல் இருந்த ஒருவர் விழுந்துவிட்டு மறு ஞாயிறே நேர்மையாக வந்து சொன்னார். எல்லார் முன்னாலும் "இவ்வளவு தூரம் வந்துட்டு இப்படிப் பண்ணிட்டியளே" என்றேன். வருத்தத்தில் சொன்னதுதான். அடுத்து அவரை நான் பார்த்தது நாலு மாசம் கழித்து, மஞ்சள் பூத்த கண்ணோடு. திட்டத்தின் கீழ்ப் பாதி அவருக்கு மட்டுமல்ல, கேட்கிற எனக்கும் வேண்டியிருந்தது.

இரண்டாம் படி: அட்டை

தினமும் நிரப்பும் கணக்கைத்தான் அட்டை என்கிறோம், அதற்கு நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் படுக்கும் முன் ஒரு வரி. ஆசை எவ்வளவு அடித்தது, 0 முதல் 5 வரை. குடித்த அளவு. தூக்கம் எத்தனை மணி. பெரிய உணர்ச்சி எது. என்ன பழக்கத்தைப் பயன்படுத்தினேன்.

அளவு எழுதும்போது "கொஞ்சம்" என்று எழுதாதீர்கள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம், கணக்குப் போட்டால் சுத்த ஆல்கஹால் 61 கிராம் வாக்கில் வரும். மருத்துவக் கணக்கில் 10 கிராம் ஒரு அளவு, அப்படியென்றால் ஒரு குவார்ட்டர் ஆறு அளவு. "பீரு மட்டும்தான் சார்" என்பவருக்கு: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 41 கிராம்.

நோட்டை மனைவி வாங்கிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் மறுநாளிலிருந்து எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம்தான் இருக்கும். ஆசை 4 என்று எழுதி, அளவில் குடிக்கவில்லை என்று கோடு போட்ட நாள்தான் நமக்குத் தங்கம். அன்று அவர் என்ன செய்தார் என்று பத்து நிமிஷம் கேட்பேன்.

மூன்றாம் படி: சங்கிலியைப் பிரிப்பது

"ஏன் குடிச்ச?" என்று கேட்டால் "டென்ஷன்" என்று ஒரே வார்த்தை வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "எப்படி அங்கன போய் நின்னிய?" என்று கண்ணி கண்ணியாகக் கேட்க வேண்டும். பேட்டைப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் சொன்ன ஒரு சனிக்கிழமை இது, அவர் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றி.

வெள்ளி ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல், இவருக்குத் தூக்கம் மூன்று மணி நேரம். காலையில் ஒரு டீ, ஒரு வடை. மதியச் சோற்றை வேலை முடித்துச் சாப்பிடலாம் என்று தள்ளிவிட்டார். ஐந்து மணிக்கு வாரக்கூலி. மேஸ்திரி 600 ரூபாய் பிடித்துக்கொண்டு "அடுத்த வாரம் பாப்போம்" என்றார். இவர் ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே கொதித்தது. பஸ்ஸில் ஏறினார். வீட்டு ஸ்டாப்புக்கு ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கினார். ஏன் என்று கேட்டேன். "சும்மா நடப்போம்னு. காத்து நல்லா இருந்துச்சு." நடந்தார். 500 ரூபாய் நோட்டு கையில் இருந்தது, சில்லறை மாற்ற வேண்டும் என்று தோன்றியது. எத்தனையோ பெட்டிக்கடையைத் தாண்டிப் போய், மதுக்கடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் மாற்றினார். அங்கே பழைய கூட்டாளி. "என்னவே, ஆளையே காணோம்." மீதி உங்களுக்கே தெரியும்.

குழுவில் ஒருவர் கேட்டார்: "குடி எங்கன ஆரம்பிச்சுது?" ஒருவர் கூட்டாளி என்றார், ஒருவர் மேஸ்திரி என்றார். கொத்தனார் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பஸ்ஸ விட்டு எறங்குனேம்லா, அப்பவே குடிச்சாச்சு."

அதுதான் பிரித்துப் பார்ப்பதன் பலன். கூட்டாளியைப் பார்த்தபிறகு மனுசனால் அதிகம் செய்ய முடியாது. மதியம் சோறு சாப்பிட்டிருக்கலாம். கூலி வாங்கும் இடத்துக்கு மனைவியோ மகனோ வந்து பணத்தை வாங்கிப் போகலாம். பஸ்ஸில் ஏறினதும் யாருக்காவது போன் போட்டு, வீட்டு வாசல் வரை பேசிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு கண்ணிக்கும் எதிரே ஒரு மாற்றை எழுதுங்கள், முந்தின கண்ணிகளுக்கு முதலில். அவர் இப்போது மதியச் சோற்றை ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டுவிடுகிறார். கேட்கச் சிரிப்பாக இருக்கும். பசி, தூக்கமின்மை, உடம்பு நோவு மூன்றையும் கவனிப்பது டி.பி.டி.யில் தனிப் பழக்கமாகவே இருக்கிறது.

நான்காம் படி: மூன்று மனசு

லினஹனின் பாடத்தில் போதையில் இருக்கும் மனம், விட்டுவிட்டோம் என்று இருக்கும் மனம், தெளிந்த மனம் என மூன்று. எங்கள் பேர்: குடி மனசு, மாலை மனசு, தெளிஞ்ச மனசு.

குடி மனசை எல்லாருக்கும் தெரியும். ஆள் ஏமாறுவது மாலை மனசில்தான். குடிக்காமல் இருக்கிறார், முகம் தெளிச்சி, பெருமையாக இருக்கிறது. "நமக்கு இனி ஒண்ணும் ஆகாது" என்று கூட்டாளிகளோடு பாருக்குப் போய் மிக்சர் மட்டும் தின்றுவிட்டு வருவார். மாத்திரையை நிறுத்துவார். குழுவுக்கு வருவதைக் குறைப்பார். குடிக்கவில்லை, ஆனால் குடி மனசு எங்கேயும் போகவில்லை என்பதை மறந்திருப்பார்.

ஐப்பசியில் ஆற்றில் வெள்ளம் வந்தால் தண்ணீர் செம்மண்ணாக வரும். எங்கள் ஆச்சி குடத்தின் உள்ளே தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டு வைப்பாள். காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மோந்து குடிக்கும்போது சொல்லுவாள்: "பைய மோருல, அடியில கெடக்கு." தெளிஞ்ச மனசு அதுதான். மேலே தெளிவு, அடியில் வண்டல், குடத்தை ஆட்டக் கூடாது என்ற நினைப்பு. தினமும் அட்டையில் மூன்றில் எந்த மனசில் இருந்தேன் என்று ஒரு எழுத்து போட்டுவையுங்கள். "மா" தொடர்ந்து நாலு நாள் வந்தால் குழுவில் சொல்லவேண்டும், ஆசையே அடிக்காவிட்டாலும்.

ஐந்தாம் படி: ஆசை அடிக்கும் அரை மணி நேரம்

ஆசை அலை மாதிரி. ஏறும், உச்சிக்கு வரும், ஊட்டாமல் விட்டால் இறங்கும். பெரும்பாலும் அரை மணிக்குள். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை அலைமேல் சறுக்குவது என்றார். மணப்பாடு, உவரிக் கரை ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். அலையை எதிர்த்து நின்றால் உருட்டிவிடும், ஏறி இறங்கவேண்டும். அந்த அரை மணியைக் கடக்கச் சில வழிகள்.

முதலில் நாலு வார்த்தை: நில்லு, தள்ளு, பாரு, நட. கால் கடைப்பக்கம் திரும்பினதும் அப்படியே நில்லுங்கள். இரண்டு எட்டு பின்னால் தள்ளுங்கள், நிஜமாகவே காலால். என்ன நடக்கிறது என்று பாருங்கள்: வாயில் எச்சில், நெஞ்சில் படபடப்பு, பையில் எவ்வளவு பணம். பிறகு எதிர்ப்பக்கம் நடங்கள்.

அடுத்தது குளிர்ந்த தண்ணீர். ஒரு வாளியில் நல்ல குளிர்ந்த தண்ணீர், ஐஸ் இருந்தால் கொஞ்சம். மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து முகத்தைக் கண்ணும் கன்னமும் நனைய 30 விநாடி முக்குங்கள். தண்ணீருக்குள் முங்கும்போது இதயத் துடிப்பைக் குறைப்பது உடம்பின் இயல்பு, அதைத்தான் பயன்படுத்துகிறோம். வாளியில் மட்டும், உட்கார்ந்து. போதையோடு ஆற்றிலோ கிணற்றிலோ இறங்கவே கூடாது. இதயக் கோளாறு உள்ளவர்கள், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யவேண்டாம். அவர்களுக்கு மூச்சுப் பழக்கம் போதும்: நாலு எண்ணி இழுத்து, ஆறோ எட்டோ எண்ணி விடுவது, பத்து நிமிஷம். விடுவது நீளமாக இருக்கவேண்டும்.

பிறகு ஒத்திப்போடுவது. "இனி வாழ்க்கையிலேயே கிடையாது" என்று ஆசை உச்சியில் இருக்கும்போது நினைத்தால் தலை சுற்றும். "இப்ப இல்ல, அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாப்போம்" என்று சொல்லுங்கள். அஞ்சு நிமிஷம் ஆனதும் மறுபடி அதையே. நம்மை நாமே ஏமாற்றுவதுதான், தெரிந்தே செய்யலாம். ஒரு லாரி டிரைவர் கங்கைகொண்டான் தாண்டி மதுரை ரோட்டில் கயத்தாறு வரை ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லாக ஒத்திப்போட்டுக்கொண்டே போயிருக்கிறார்.

ஆறாம் படி: மடை அடைத்து மடை மாற்றுவது

கையேட்டில் இதற்குப் பேர் பாலத்தை எரிப்பது, புதுப் பாலம் கட்டுவது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்து விவசாயி ஒருவர் குறுக்கிட்டார்: "எரிக்கது எதுக்கு சார்? மடைய அடைச்சா தண்ணி தானா வேற வயலுக்குப் போவும்." அன்றிலிருந்து எங்களுக்கு அது மடைதான்.

அடைக்க வேண்டியவை: கூட்டாளிகளின் போன் நம்பர். பீரோ மேலே, மாட்டுத்தொழுவத்தில், பைக் சீட்டுக்கு அடியில் ஒளித்த பாட்டில். எல்லாருக்கும் ஒன்று இருக்கும், கேட்டால் இல்லை என்பார்கள், இரண்டாம் வாரம் ஒத்துக்கொள்வார்கள். ஓசியில் ஊற்றிக்கொடுக்கும் ஆளிடம் "நிறுத்திட்டேன், கூப்பிடாதீரும்" என்று நேராகச் சொல்வது. கடையைத் தாண்டாத வழி. கடை மதியம் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு அடைக்கிறது. அதற்குள் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை எங்கே இருப்பேன் என்று எழுதிவையுங்கள்.

அடைத்தால் மட்டும் பத்தாது. தண்ணீருக்குப் போக இடம் இல்லையென்றால் கரையை உடைக்கும். குடித்த நேரம் வெறுமையாக நிற்கும். அந்த மூன்று மணி நேரத்துக்கு மூக்குக்கும் கைக்கும் வேலை கொடுங்கள். சாராய வாடை மனசில் ஏறும்போது அதோடு மோதுகிற வேறு வாடை வேண்டும். ஒருவர் சட்டைப்பையில் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறார், நகத்தால் கீறி முகர்வார். முறைப்பாக ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று தோன்றுகிறவர்களுக்கு ஆளைக் கெடுக்காத முறைப்பு: ஒரு பக்கம் மீசையை எடுத்துவிட்டு ஒரு நாள் முழுக்க டவுன் ரதவீதியில் சுற்றினவர் எங்கள் குழுவில் இருக்கிறார்.

ஏழாம் படி: வேண்டாம் என்று சொல்வது

இதற்கு நான் அதிக நேரம் செலவழிப்பேன். கேட்டால் எளிதாகத் தெரியும், வாயைத் திறந்தால் வராது. குழுவில் நடித்தே பழகுவோம். சேரன்மகாதேவிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு மச்சினன் வீட்டுப் பால்காய்ப்பு வந்தது. பந்தி ஒரு பக்கம், ஆண்கள் வயக்காட்டு மோட்டார் ரூமில் ஒரு பக்கம். நான் மச்சினனாக நடித்தேன். முதல் முறை:

"அத்தான், வாங்க மோட்டார் ரூமுக்கு, எல்லாரும் அங்கதான் இருக்காவ."

"வயிறு சரியில்ல மாப்ள."

"அப்ப பீரு போடுங்க, வயித்துக்குக் குளுமைலா."

அவர் திகைத்து நின்றுவிட்டார். சாக்கு சொன்னால் எதிராளி பிடிக்க அதுவே கைப்பிடி. வயிறு, மாத்திரை, விரதம் எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருக்கும். டி.பி.டி. சொல்லும் வரிசை வேறு: நடப்பதைச் சொல், உனக்கு என்ன ஆகும் என்று சொல், வேண்டியதை நேராகச் சொல், அதனால் அவனுக்கும் நல்லது என்று காட்டு. பேச்சு திசைமாறினால் அதே வரியைத் திரும்பச் சொல். நிமிர்ந்து நில். விட்டுக்கொடுக்க முடிந்ததை விட்டுக்கொடு. நாலாம் முறை இப்படி வந்தது:

"மாப்ள, நீ கூப்பிட்டது சந்தோசம். நான் நிறுத்தி அஞ்சு மாசம் ஆச்சு. ஒரு ரவுண்டு போட்டா எனக்கு ஒண்ணோட நிக்காது, உனக்கே தெரியும். நான் வரல. விசேச வீட்டுல ஒரு சண்ட இல்லாம முடியும்லா."

"இன்னைக்கு ஒரு நாளு அத்தான். எங்க மேல கோவமா?"

"கோவம்லாம் இல்ல. நான் வரல."

"ஊர்ல என்ன பேசுவாவ?"

"பேசட்டும். நான் வரல. அந்தச் சாம்பார் வாளிய இங்க குடு, பந்திய நான் பாத்துக்கிடுதேன்."

கடைசி வரியை அவரே கண்டுபிடித்தார். அன்று மூன்று பந்தி பரிமாறினாராம். கையில் வாளி இருக்கிறவனிடம் கிளாஸை எப்படிக் கொடுப்பார்கள்?

எட்டாம் படி: கொடை வரும் முன்

பங்குனி உத்திரத்துச் சாஸ்தா கோயில் கூட்டம், தீபாவளி, கல்யாணம் எல்லாவற்றையும்விட நம் பக்கம் கடினம் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாதான். வில்லுப்பாட்டு, மகுட மேளம், ஊர் முழுக்க விழித்திருக்கும் ராத்திரி, நடுச்சாமத்தில் படையலில் சாராயமும் சுருட்டும். குடிக்காதே என்று பொதுவாகச் சொல்வது அங்கே எடுபடாது. சாமி சமாச்சாரம்.

முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பது இதற்கான பழக்கம். பத்து நாள் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடி, அந்த ராத்திரியை மணி வாரியாக நினைத்துப் பாருங்கள். எட்டு மணிக்கு யார் வருவார், பத்து மணிக்கு எங்கே நிற்பேன், படையல் பிரிக்கும்போது என் கை எங்கே இருக்கும். மோசமான இடத்தை விட்டுவிடாமல் நினைத்து, அங்கே நீங்கள் செய்யப்போவதையும் நினைக்கவேண்டும். சாமியாடும் கோமரத்தாடி குடும்பத்து இளைஞர் ஒருவர் இப்படி யோசித்தபோது, படையல் சாராயத்தை மறுத்தால் சாமிக்குத்தம் என்ற பயம்தான் பெரியது என்று தெரிந்தது. கொடைக்கு முன்பே பெரியப்பாவிடம் போய்க் கேட்டார். பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னது: "சாமிக்குப் படைச்சது சாமிக்குல. நீ கண்ணுல ஒத்திக்கிட்டு என் கையில குடு." இதைக் கேட்கத்தான் நாலு வருஷம் பயந்திருக்கிறார்.

எல்லாப் பெரியப்பாவும் இப்படிச் சொல்ல மாட்டார். சொல்லாவிட்டால் சாயங்காலம் சாமி கும்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸில் கிளம்புங்கள். முதல் வருஷம் கொடைக்கே போகாமல் இருந்தாலும் குற்றமில்லை.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு

பீடித் தட்டை மடியில் வைத்து நாளெல்லாம் சுற்றிக் குடும்பத்தைத் தாங்குகிற பெண்களிடம் "நீங்கள் பொறுமையாக இருங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. மூன்று விஷயம் மட்டும்.

சோற்றில் தெரியாமல் மருந்து கலக்காதீர்கள். குடியை மறக்கடிக்கும் என்று விற்கும் பொடிகளில் என்ன இருக்கிறதென்று தெரியாது. குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிட்டவர் அது தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். அது அவர் அறிந்து, டாக்டர் பார்வையில் மட்டுமே சாப்பிடவேண்டிய மருந்து.

அவர் போதையில் இருக்கும்போது பேச்சுவார்த்தை வேண்டாம். காலையில் பேசுங்கள். அவர் கஷ்டத்தை ஒத்துக்கொள்வது வேறு, குடியை ஒத்துக்கொள்வது வேறு. "மேஸ்திரி காசப் பிடிச்சது அநியாயந்தான், குடிச்சிட்டு வந்தா வீட்டுல காசு தர மாட்டேன்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லலாம்.

அடித்தால் தாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பெண்கள் உதவி எண் 181.

கடைசிப் படி: வழுக்கின ராத்திரி

பர்ஸில் மடித்து வைத்த கீழ்ப் பாதி இப்போது வெளியே வரட்டும். கிளாஸில் மிச்சம் இருந்தால் கொட்டுங்கள். முழுசாகக் குடித்துத்தான் நிறுத்தவேண்டும் என்று சட்டமில்லை. வண்டிச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டு, எழுதிவைத்த ஆளுக்குப் போன் போடுங்கள். பேச வெட்கமாக இருந்தால் "விழுந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள், எங்கள் குழுவில் அது வந்தால் யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது, "எங்கன இருக்கிய?" என்று மட்டும்தான் கேட்கவேண்டும். சோறு, தண்ணீர், படுக்கை. செத்துவிடலாம் என்று தோன்றினால் தனியாக இருக்காதீர்கள். 14416 டெலி மானஸ், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. தமிழ்நாட்டு மருத்துவ உதவிக்கு 104.

மறுநாள் காலை வெட்கம் தின்னும், யார் முகத்திலும் முழிக்கத் தோன்றாது. அந்த வெட்கம் ஒளியச் சொல்லும், டி.பி.டி. அதற்கு நேர் எதிராகச் செய் என்கிறது. சவரம் செய்து, சட்டை மாற்றி, யாரிடம் சொல்லப் பயமோ அவரிடம் போய்ச் சொல்லுங்கள். பிறகு நோட்டைத் திறந்து நேற்றைய அளவை மில்லியில் எழுதுங்கள். அதற்குக் கீழே சங்கிலியை, பஸ்ஸை விட்டு இறங்கின இடத்திலிருந்து. குடி தொடர்ந்து இரண்டாம் நாளாகப் போனால் நோட்டை விடுங்கள், கை நடுக்கத்துக்கு முன்பே டாக்டரிடம் போங்கள்.

நாலு மாசம் வராமல் இருந்த அந்த மனுசர் இப்போது வருகிறார். மூன்று முறை விழுந்திருக்கிறார். கடைசி முறை ஒரு கட்டிங்கோடு நின்றது, மறுநாள் காலை எட்டரைக்கு என் வீட்டு வாசலில் நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை, டீ போடச் சொன்னேன்.